பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் வேரைத் தேடும் முறை

பெயருக்குப் பொருள் என்ன என்று அகராதியைப் புரட்டுவதுதான் பலரும் முதலில் செய்வது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வட்டாரம் தெரியாமல் பொருள் பிடிபடாது. கொல்லருக்கு வடக்கில் லெஃபெவ்ர், தெற்கில் ஃபாப்ர் அல்லது ஃபோர், மேற்கே பிரெத்தாஞ்ஞில் லெ கோஃப், கிழக்கே அல்சாஸில் ஷ்மிட். தொழில் ஒன்று, மொழிதான் வேறு.

வட்டாரத்தை அறிய, 1891 முதலான பிறப்புகளை மாவட்டவாரியாகக் காட்டும் பெயர்ப்பரவல் வரைபடங்கள் உதவும். 1891–1915 காலத்தை மட்டும் பாருங்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் போனால் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள் கணக்கைக் குழப்புவார்கள். பாரிஸில் குவிந்திருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்து அந்த மாவட்ட ஆவணக்காப்பகத்தின் இணையதளம். பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகளுக்குப் பிறகே பொதுப்பார்வைக்கு வரும், இறப்புப் பதிவுகளுக்குச் சட்டப்படி அந்தக் காத்திருப்பு கிடையாது. ஊர் தெரிந்தால் பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பெயர் அட்டவணையில் தேதியைப் பிடித்து, பிறகு மூலப் பதிவுக்குப் போங்கள். திருமணப் பதிவு கிடைத்தால் விடாதீர்கள். இருவரின் பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். 1793 முதல் 1805 முடிய பிரெஞ்சுப் புரட்சி அரசு கொண்டுவந்த தனி நாட்காட்டியின் தேதிகள் வரும், மாற்றிக்கொள்ள வேண்டும். 1792-க்கு முன்னால் அரசுப் பதிவு கிடையாது, தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேடுதான். அதை வைக்கச் சொல்லி 1539-இலேயே அரசாணை பிறந்தது. பாரிஸ் குடும்பமென்றால் சிரமம்: 1860-க்கு முந்தைய பதிவுகள் 1871 தீயில் போயின, ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே மீட்டெழுதப்பட்டது.

பார்க்கும் ஒவ்வொரு எழுத்துவடிவையும் ஆண்டோடு குறித்து வையுங்கள். பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். அப்பனும் மகனும் வேறு வேறு எழுத்தில் வருவது சகஜம். லெஃபெவ்ரின் நடுவே சிலர் எழுதும் 'பி' (b) உச்சரிக்கப்படாது. 'ஃபாபெர்' என்ற லத்தீன் மூலத்தை நினைவூட்ட எழுத்தர்கள் செருகியது அது. ஒரே எழுத்துவடிவை மட்டும் தேடினால் பாதிக் குடும்பம் நழுவிவிடும்.

இனி பொருள். துய்போன் என்றால் பாலத்தருகே குடியிருந்தவர், மெனியே என்றால் மாவு ஆலைக்காரர். மர்த்தேன் வெறும் ஞானப்பெயர், அதற்குமேல் தோண்டிப் பயனில்லை. லெருவாவை அரச வம்சமாக்கிவிடாதீர்கள். திருவிழாவிலோ போட்டியிலோ 'ராஜா'வாக நின்றவருக்கு ஒட்டிய பட்டப்பெயராகவே அது பெரும்பாலும் இருக்கும். முன்னால் 'தெ' இருப்பதும் பிரபுத்துவத்துக்குச் சான்றாகாது. எத்தனையோ பெயர்களில் அது ஊரைத்தான் சுட்டும். பெயரைச் சொன்னதும் குலச்சின்னம் அச்சடித்து விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்: சின்னம் ஒரு குடும்பத்துக்கு உரியது, அதே பெயர் தாங்கிய எல்லோருக்கும் அல்ல.