எரிபொருள் பம்ப் நின்றது ஏன்?
பினாங்கில் ஆயர் ஈத்தாம் மேட்டில் ஏறும்போதெல்லாம் என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருமி நின்றுவிடும். சற்று ஆறியபின் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். ஆராயாமல் புதிய பம்ப் வாங்கி மாட்டியது என் அவசரம். மறுபடி நின்றபோதுதான் வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்தேன். பம்ப் ஓடும் நிலையில் அதற்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்சான ரிலேயில், மின்சாரம் உள்ளே வரும் 30ஆம் முனையில் 12.4 வோல்ட் இருக்க, பம்ப்புக்கு வெளியேறும் 87ஆம் முனையில் 9 வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டியது. அதாவது, 85, 86 முனைகளுக்கு இடைப்பட்ட சுருள் காந்தமாகித் தொடுமுனையை ஒழுங்காக இழுத்தும், உள்ளே கருகிப்போன அந்தத் தொடுமுனை மின்னோட்டத்தைத் தடுத்திருக்கிறது. ரிலேயை மாற்றியபின் பம்ப்பிலிருந்து கார் உடலுக்கு மின்சாரம் திரும்பும் எர்த் கம்பியிலும் 1 வோல்ட் வீணாவதைக் கண்டு, கடற்காற்றில் பச்சை பூத்திருந்த அதன் நுனியை வெட்டி, புதிய வளைய முனை பொருத்தி, சாயம் சுரண்டிய தகட்டில் முறுக்கினேன். இப்போது பம்ப்புக்கு 12 வோல்ட் கிடைக்கிறது. கழற்றிய பழைய பம்ப்போ, குறையேதுமின்றி அலமாரியில் கிடக்கிறது.