விவேகானந்தர் தடம்: அரண்மனையும் குந்துகாலும் ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் கரையிறங்கிய இடம், பாம்பன் அருகே உள்ள குந்துகால். அங்குள்ள நினைவிடத்துக்கு வருகிறவர்கள் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. படிக்காமல் போனால் அங்கே பார்க்கக் கடல்தான் இருக்கும்.

படி 1: முதல் நாள் இரவே படியுங்கள்
விவேகானந்தர் உரைகளின் தொகுப்பான 'கொழும்பு முதல் அல்மோரா வரை' நூலில் பாம்பன், இராமேசுவரம், இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை உரைகள் நம் இராமநாதபுரம் பக்கத்தவை. நேரமில்லையா? இராமேசுவரம் கோயிலில் பேசியது மட்டும் போதும். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காணச் சொன்ன உரை அது. அலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: காலையில் அரண்மனை
இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான இராமலிங்க விலாசம் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. விடுமுறை நாளை முன்பே விசாரித்துவிடுங்கள். 1893-இல் விவேகானந்தரைச் சிகாகோ போகத் தூண்டி உதவியவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. ஆனால் சுவர் ஓவியங்கள் அவருக்கு முந்தைய 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் விவேகானந்தரைத் தேடாதீர்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், அக்காலச் சேதுபதி மன்னர் ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சி, இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். வெயிலிலிருந்து உள்ளே வந்தால் முதலில் ஒன்றும் தெரியாது; இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். பிளாஷ் கூடாது. பையைச் சுவரில் உரசவிடாதீர்கள்: உப்புக் காற்றில் காரை பொரிந்து, தொட்டாலே உதிரும்.

படி 3: மதியம் குந்துகால்
இராமேசுவரம் பேருந்தில் ஏறி, பாலம் தாண்டியதும் பாம்பனில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். போக, வர, காத்திருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலிலேயே வாடகை பேசிவிடுங்கள். திரும்பும்போது அங்கே வண்டி கிடைப்பது சந்தேகம். 1897 ஜனவரி 26 பிற்பகலில் இலங்கையிலிருந்து வந்து விவேகானந்தர் கரையிறங்கியது இங்கேதான். ரயில் பாலமே 1914-இல்தான் வந்தது. அதுவரை தீவுக்குப் போக்குவரத்தெல்லாம் கடல் வழியாகத்தான். பாம்பன் உரையை இங்கே உட்கார்ந்து படியுங்கள்.

படி 4: மூல ஆவணம் வேண்டுமென்றால்
சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் உருவானது 1910-இல். ஆகவே 1897-க்கு மதுரை மாவட்டப் பதிவேடுகளைக் கேளுங்கள். இராமநாதபுரம் என்று கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். அடையாள அட்டை, ஆய்வு நோக்கத்தைச் சொல்லும் கடிதம், பென்சில் மூன்றும் கையில் இருக்கட்டும். பழைய தாளின் மேல் பேனா மை பட்டால் போகாது.