வீட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளை: நாங்கள் செய்த தவறுகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டில், ஏ.எஃப்.எஸ். என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்த இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் ஒரு ஜெர்மன் பெண், பிறகு ஒரு ஜப்பான் பையன். "மாசம் எவ்வளவு வாடகை தர்றாங்க?" என்றுதான் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லாரும் கேட்டார்கள். ஒரு காசும் கிடையாது. படுக்கை, சாப்பாடு, கவனிப்பு மூன்றும் நம் செலவு. வருமானக் கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டால் இரண்டாவது மாதமே முகம் சுருங்கிவிடும். நம் பிள்ளைகளுக்கு இலவச ஆங்கில டியூஷன் என்று நினைப்பதும் அதே கணக்குதான். ஜப்பான் பையனைவிட என் மகள் ஆங்கிலம் நன்றாகப் பேசினாள்.

நாங்கள் செய்த முதல் தவறு சாப்பாட்டில். ஜெர்மன் பெண் வந்த மறுநாள் காலைப் பசியாறலுக்குத் தோசை. தட்டு காலியானால் இன்னொன்று வைப்பது நம் வழக்கம். தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்பது அந்தப் பெண்ணின் வீட்டு வழக்கம். நான் வைக்க வைக்க அவள் முடிக்க, அவள் முடிக்க முடிக்க நான் வைக்க, ஆறாவது தோசையில் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். என் சட்னியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் அழுதே விட்டேன். அன்றைக்கு மாலையே மாமனார் அவளுக்குத் தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே காட்டி "போதும்" சொல்லக் கற்றுக்கொடுத்தார். அவள் கற்ற முதல் தமிழ்ச் சொல் அதுதான். வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை, பூஜை அறைக்குள் செருப்பு கூடாது, துணியை யார் துவைப்பது, எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். "பாவம், புதுசா வந்த பிள்ளை" என்று தள்ளிப்போட்டால், பிறகு கோபத்தோடுதான் சொல்ல வேண்டிவரும்.

பள்ளி விட்டு வந்ததும் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். எனக்கு அது பெரிய மனக்குறை. மதிக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். யோசித்தால், இங்கே பள்ளி நாளில் இருட்டிலேயே எழுந்து கிளம்ப வேண்டும். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து நமக்குப் பொழுது விடிவதே ஏழு மணிக்கு மேல்தானே. பிறகு வகுப்பில் மலாய், கேன்டீனில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். அவ்வளவையும் கேட்டுக் கேட்டு அவளுக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது. ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மைலோ கலக்கி வைத்தால் தானாக வெளியே வந்தாள்.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் நான் இன்னும் கூச்சப்படுகிறேன். என் மகன் செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் அவளுக்கு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறான். விழுந்து, புகைக்குழாய் பட்டுக் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சூடு. இந்தத் திட்டங்களில் மாணவர் எந்த மோட்டார் வண்டியையும் ஓட்டக்கூடாது என்பது கறாரான விதி. மீறினால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. எங்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, திட்டத்தின் சார்பில் எங்களுக்கென்று இருந்த தொண்டூழியரிடம் மூன்று நாள் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "அக்கா, இது உங்க மகள் காலா இருந்தா அவங்க அம்மாவுக்கு மூணு நாள் சொல்லாம இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவளை முதல் மாதமே கோலாலம்பூர் கூட்டிப்போய் இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தோம். தோட்டத்துப் பக்கம் மட்டும் அழைத்துப்போகவில்லை. தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் கால்வாயையும் பார்த்தால் என்ன நினைப்பாளோ என்ற வெட்கம். பிறகு ஒருநாள் அவளே "ரப்பர் எங்கிருந்து வருது?" என்று கேட்டாள். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. இந்த நாட்டு ரப்பரின் கதை தொடங்கிய இடத்துக்கு அடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் கோபுரம் காட்டிக்கொண்டிருந்தேன்! மாமனார் விடியுமுன் அவளைத் தன் சிநேகிதரின் மூன்று ஏக்கர் ரப்பருக்கு அழைத்துப்போனார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும் என்றார். வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பந்தாக உருட்டிப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். பை ஒரு வாரம் நாறியது. தாத்தா வெட்டிய மரத்தைத் தொட்டுப் பார்க்க என் மகனும் அன்றைக்குத்தான் முதல்முறையாக எழுந்து போனான்.

ஜப்பான் பையன் வந்தபோது தாமானில், "வெள்ளைக்காரப் பிள்ளை வரலியா?" என்று அவன் காதுபடவே கேட்டார்கள். தோலைப் பார்த்து விருந்தாளியைத் தரம் பிரிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சிக்கல் வேறு. மாமனாரின் அப்பா 1943-இல் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியப் படையால் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பி வரவில்லை. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் செத்தவர்கள் எத்தனை ஆயிரம்! "பையன்கிட்ட அதைப் பேசாதீங்க மாமா" என்று நானும் கணவரும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம்.

தீபாவளிக்கு முந்தின இரவு படையல். இலைக்கு முன்னால் புது வேட்டி, ஒரு சுருட்டு. இது யாருக்கு என்று பையன் கேட்டான். நான் "தாத்தாவோட அப்பாவுக்கு" என்று சொல்லி வடையைக் கையில் திணித்தேன். மாமனார் விடவில்லை. தனக்குத் தெரிந்த பாசார் மலாயில் (கடைத்தெருப் பேச்சு மலாயில்), "பெர்கி சியாம். தா பாலேக்" என்றார். சயாம் போனார், திரும்பவில்லை. யார் கூட்டிப்போனது என்று அவன் கேட்டான். மாமனார் சொன்னார். குரலை உயர்த்தவும் இல்லை, மழுப்பவும் இல்லை. பையன் அன்றிரவு சாப்பிடவில்லை. நான் மாமனாரிடம் கோபித்துக்கொண்டேன். மறுநாள் காலை, வீடு முழுக்க விருந்தினர் கூட்டம் இருக்கும்போது, அவன் போனில் வரைபடத்தைத் திறந்து தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தான். பாதை தொடங்கிய பான் போங் ஊரை அவன் தேடிக் காட்ட, மாமனார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தார். எண்பது வயதில்தான் அவர் அந்தப் பாதையை முதன்முதலாக வரைபடத்தில் பார்த்தார். நாங்கள் யாரும் அதுவரை அவருக்குக் காட்டியதில்லை.

ஏ.எஃப்.எஸ். அமைப்பே முதல் உலகப் போரில், 1915-இல், ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களிடமிருந்து வந்தது. மாணவர் பரிமாற்றம் இரண்டாம் போருக்குப் பிறகுதான். இது எனக்குப் பின்னால் தெரிந்த செய்தி. முன்பே தெரிந்திருந்தால் மாமனாரின் வாயைக் கட்டியிருக்க மாட்டேன்.

பயணம் அனுப்பும்போது எடையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் பையனின் பெட்டி 27 கிலோ காட்டியது, அனுமதி 23. எல்லார் முன்னாலும் பிரித்தோம். இரண்டு போத்தல் ஊறுகாயும் என் மகள் கொடுத்த அகராதியும் வெளியே வந்தன. மாமனாருடைய, ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்று சட்டைக்குள் சுற்றியிருந்தது. அதை எடுக்கச் சொன்னதற்கு அவன் தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே வைப்பதுபோல் வைத்து "போதும்" என்றான். பதிலுக்குத் தன் காலணியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, சிலிப்பரோடு விமானம் ஏறினான்.