மிசிர் வொத்: எண்ணெய் இல்லாமல் வெங்காயம் வதக்கத் தொடங்கும் எத்தியோப்பியப் பருப்புக் குழம்பு

எத்தியோப்பியச் சமையலைப் பழக நினைக்கிறவர்கள் மிசிர் வொத்தில் தொடங்குங்கள். அம்ஹாரிக் மொழியில் மிசிர் என்றால் நம் மைசூர் பருப்புதான், வொத் என்றால் குழம்பு. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பிலும் இறைச்சி, முட்டை, பால், நெய் எதையும் தொடமாட்டார்கள். பருப்பையே இத்தனை ருசியாகச் சமைக்கக் கற்றது அப்படித்தான்.

நான்கு பேருக்கு 1 கப் மைசூர் பருப்பு, பெரிய வெங்காயம் 3, பூண்டு 6 பல், ஒரு துண்டு இஞ்சி, தக்காளி 1, எண்ணெய் 4 மேசைக்கரண்டி போதும்.

முதலில் பெர்பெரே பொடி. இதுதான் குழம்பின் உயிர். காஷ்மீரி மிளகாய் 12ஐத் தனியாக வறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மல்லி 1 தேக்கரண்டி, மிளகும் வெந்தயமும் அரை அரைத் தேக்கரண்டி, ஓமமும் கருஞ்சீரகமும் கால் கால், ஏலக்காய் 4, கிராம்பு 3, சின்னத் துண்டு பட்டை, எல்லாவற்றையும் சிறுதீயில் வாசம் வரும்வரை மட்டும் வறுங்கள், வெந்தயம் கருகினால் மொத்தப் பொடியும் கசந்துவிடும். ஆறியதும் அரைத்து அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி கலந்துவிடுங்கள். அங்கே ஏலக்காய்க்குப் பதில் அதன் உறவான கொரரிமாவைப் போடுவார்கள், நமக்கு அது கிடைப்பது கடினம்.

அடுத்து வெங்காயம். இங்கே அவசரப்படவே கூடாது. எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் இல்லாமல் அப்படியே போடுங்கள். பழக்கதோஷத்தில் கை எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போகும், எனக்கும் முதல் முறை அப்படித்தான் ஆனது, வெங்காயம் வறுபட்டுப்போய் குழம்பு கெட்டிப்படவே இல்லை. வெறும் பாத்திரத்தில் முதலில் வெங்காயம் தண்ணீர் விடும், அது வற்றியதும் அடியில் பிடிக்கத் தொடங்கும், அப்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிக் கிளறுங்கள். 15, 20 நிமிடம் இப்படியே போனால் பச்சை வாசம் போய் இனிப்பு வாசம் வரும், துண்டுகள் தெரியாமல் மசிந்து பழுப்பு விழுதாகிவிடும். வொத்துக்குக் கெட்டித்தன்மை தருவது இந்த விழுதுதான், கோழியில் செய்யும் தோரோ வொத்துக்கும் இதே வழிதான்.

இப்போதுதான் எண்ணெய். ஊற்றியதும் இடித்த இஞ்சி பூண்டு, 2 மேசைக்கரண்டி பெர்பெரே சேர்த்துச் சிறுதீயில் 5 நிமிடம் வதக்குங்கள், ஒட்டினால் மறுபடி தண்ணீர் தெளியுங்கள். எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து ஓரங்களில் நிற்கும்போது அரைத்த தக்காளியை ஊற்றிச் சுருள விடுங்கள்.

அப்புறம் கழுவிய பருப்பு, 3 கப் தண்ணீர். குக்கர் வேண்டாம், 25 நிமிடத்தில் திறந்த பாத்திரத்திலேயே வெந்துவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். கரண்டியில் எடுத்தால் ஓடாமல் நிற்க வேண்டும், இதுதான் பதம். நோன்பு இல்லாத நாளில் நிதிர் கிப்பே என்னும் மசாலா நெய் விடுவதும் உண்டு.

இதற்குச் சரியான ஜோடி இஞ்செரா. தெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, ஒரே பக்கம் வேகவிட்டு எடுக்கும் பெரிய அப்பம், மேலெல்லாம் கண் கண்ணாக ஓட்டைகள் இருக்கும். தெஃப் கிடைக்காவிட்டால் நன்றாகப் புளித்த கேழ்வரகு தோசையைத் திருப்பிப் போடாமல் சுட்டுக்கொள்ளுங்கள், புளிப்பு ஓரளவு நெருங்கி வரும்.

ஒரு பெரிய தட்டில் இஞ்செராவை விரித்து நடுவில் குழம்பை வைத்து எல்லோரும் அதைச் சுற்றி உட்காருங்கள். வலது கையால் பிய்த்துக் குழம்பைச் சுருட்டி எடுத்துப் பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டிவிடுவதை அங்கே குர்ஷா என்பார்கள், அன்புக்கும் மரியாதைக்கும் அடையாளம் அது. குழம்பில் ஊறிய அடி இஞ்செராவை மட்டும் கடைசி வரை விட்டுவையுங்கள், தட்டிலேயே ருசியான பகுதி அதுதான்.