‘எண்ணத்துக்கு முன்’ என்பது எங்கே? தியானத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மருந்துவாழ் மலையில், நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகைக்கு வெளியே ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். கண்ணை இறுக்கி மூடி, நெற்றியைச் சுருக்கி, கையை முறுக்கிக்கொண்டு. எழுந்ததும் கேட்டேன். “எண்ணம் வர்றதுக்கு முன்னால போகப் பாக்கேன் அண்ணே. போக முடியல” என்றான். எண்ணம் எழுந்து ‘நான்’, ‘அது’ என்று பிரிப்பதற்கு முன் இருக்கும் பிரிவில்லாத நிலையைத்தான் அவன் தேடினான். பதினைந்து வருடத்துக்கு முந்தைய என்னைப் பார்த்தது போல இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதுகு வளைவது, தூக்கம் வருவது, போனை அணைக்க மறப்பது எல்லாம் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘முன்’ என்பதைக் காலமாக எடுத்துக்கொள்வது

இந்தத் தவறு எனக்கு ஒன்றரை வருடத்தைத் தின்றது. அதைவிடப் பெரிதாகவும் ஒன்றைத் தின்றது.

படிக்கும்போது அப்படித்தான் தோன்றும். தாவோ ஒன்றைப் பிறப்பித்தது, ஒன்று இரண்டை, இரண்டு மூன்றை, மூன்று பத்தாயிரம் பொருள்களை என்கிறார் பழைய சீன ஞானி லாவோட்சு. எல்லாவற்றுக்கும் மூலமாக அவர் சொல்வதுதான் தாவோ. இதை வரிசையாகப் படித்தால், எப்போதோ பிரிவில்லாத ஒரு காலம் இருந்தது, பிறகு எல்லாம் பிரிந்தது, நாம் திரும்பிப் போக வேண்டும் என்று மனம் கணக்குப் போடும். மாண்டூக்கிய உபநிடதம் விழிப்பு, கனவு, உறக்கம் என்று சொல்லி நான்காவதைச் சொல்லும்போதும் இதே மயக்கம். அது நான்காம் படி இல்லை. மூன்றிலும் விலகாமல் இருப்பது. அந்த உபநிடதத்துக்குக் காரிகை எழுதிய அத்துவைத ஆசிரியர் கௌடபாதர் இன்னும் ஒரு படி மேலே போய், எதுவும் ஒருபோதும் பிறக்கவே இல்லை என்கிறார். பிறக்காத ஒன்றுக்கு ‘பிறப்பதற்கு முந்தைய நேரம்’ எங்கிருந்து வரும்?

இதெல்லாம் அப்போதே படித்திருந்தேன். ஆனாலும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, இரண்டு எண்ணங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பிடிக்க உட்காருவேன். வெறுமையாக ஒரு கதகதப்பு வரும். எத்தனை நிமிடம் நீடித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். அதிகபட்சம் பதினேழு.

அப்போது அப்பா வாதம் வந்து தக்கலை வீட்டில் முன்னறைக் கட்டிலில் கிடந்தார். ஒரு நாள் விடியற்காலை, “மக்கா, இத்திரி வெள்ளம்” என்றார். காதில் விழுந்தது. எழவில்லை. அவரே கையை நீட்டியிருக்கிறார். எவர்சில்வர் தம்ளர் சிமெண்ட் தரையில் விழுந்து, உருண்டு, வட்டம் போட்டு அடங்கியது. அந்தச் சத்தம் எழுந்த கணத்தில் கேட்கிறவன் என்று ஒருவன் இல்லை, தம்ளர் என்று ஒன்றும் இல்லை. கணீர் என்று அது மட்டும். அடுத்த கணம் ‘தொல்லை’ என்ற சொல் வந்தது. பல்லைக் கடித்தேன்.

எதைத் தேடி உட்கார்ந்தேனோ அது தானே வந்து நின்றது. அதை இடைஞ்சல் என்று தள்ளினேன். தண்ணீர் கேட்ட அப்பாவையும் சேர்த்துத் தள்ளினேன். அந்தச் சித்திரையில் அவர் போய்விட்டார். இப்போதும் நினைத்தால் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

நான் சேர்த்து வைத்தது வெறும் ஒடுக்கம். ரமணர் இதை லயம் என்பார். மனம் கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு பழையபடி கிளம்பும். ஆழ்ந்த உறக்கத்திலும் பிரிவு தெரியாதுதான். அங்கே அறியாமையின் விதை அப்படியே இருக்கிறது என்று கௌடபாதரே எச்சரிக்கிறார்.

தமிழில் ‘முன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ‘மூன்று நாளைக்கு முன்’ என்றால் போய்விட்ட நேரம். ‘கண்முன்’ என்றால் இதோ இருப்பது. எண்ணத்துக்கு முன் என்பதை இரண்டாவது பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழிக்காரர்கள் கண்ணாடி முன் நின்று வணங்குகிறார்களே, அந்த முன். மலையில் அந்தத் தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “கண்ணைத் திற, காத்தடிக்குதுல்லா” என்று மட்டும் சொன்னேன்.

புலன்களைப் பகையாக்குவது

லாவோட்சு வழியில் வந்த சீன ஞானி சுவாங்ட்சு சொல்லும் கதை ஒன்று. தென்கடல் அரசனும் வடகடல் அரசனும் நடுநாட்டு அரசன் ஹுன்டுன் வீட்டில் அடிக்கடி விருந்துண்டார்கள். அவனுக்குக் கண், காது, மூக்கு, வாய் எதுவுமே இல்லை. நன்றிக்கடனாக நாளுக்கு ஒரு துளையாக ஏழு துளை போட்டார்கள். ஏழாம் நாள் அவன் செத்தான்.

உடனே புதியவர்கள், துளைகளை அடைத்துவிட்டால் பழைய ஹுன்டுன் கிடைப்பான் என்று காதில் பஞ்சை வைக்கிறார்கள். எனக்குப் படுவது வேறு. இருப்பதை இருக்கிறபடி விடாமல் திருத்தப் போன கைதான் அவனைக் கொன்றது. கண்ணை இறுக்கி மூடுகிறவனும் அதே உளியைத்தான் பிடித்திருக்கிறான்.

‘எல்லாம் ஒன்றே’ என்று வாயால் சொல்லிவிடுவது

அத்துவைதம் என்ற சொல்லுக்கு ‘இரண்டல்ல’ என்றுதான் பொருள். ஒன்று என்று எண்ணிக் காட்டக்கூடத் தயங்கும் சொல் அது. கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தில் நின்றால் வங்கக் கடல் எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது, சரி. ஆனால் அதே நீரில் கட்டுமரம் தள்ளுகிற மீனவருக்கு எந்த நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். வேறுபாடு அழிவதில்லை.

2017 ஒக்கிப் புயலில் தம்பியைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அக்காவிடம், எங்களோடு உட்காருகிற ஒருவர், “பிரிவு என்பதே மாயை” என்றார். அந்த அக்கா பேசாமல் எழுந்து போனார். துக்கத்தின் முன் இந்தச் சொல்லை எடுக்காதீர்கள். எக்காலத்திலும்.

குகை தேடி அலைவது

வீட்டுத் திண்ணை போதும்.

தாவோவும் பிரம்மமும் ஒன்றே என்று அவசரப்படுவது

எல்லாவற்றையும் பார்த்திருக்கும் சாட்சி உணர்வைப் பற்றி லாவோட்சு பேசவில்லை. சீனர்கள் யின், யாங் என்று சொல்லும் எதிரெதிர் இணையைப் பற்றிச் சங்கரர் பேசவில்லை. ஒவ்வொன்றையும் அதன் வீட்டிலேயே கொஞ்ச காலம் தங்கிப் படியுங்கள். தக்கலையில் சூஃபி ஞானி பீர்முகமது அப்பாவின் விழா இரவில் அவர் பாடல்களை விடிய விடியப் பாடுவார்கள். அதையும் ஒரு முறை போய்க் கேளுங்கள், எதோடும் ஒப்பிடாமல்.