சோடா பாட்டிலைக் கீழே வையுங்கள்: ஓயாத ஏப்பத்துக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் யோசனைகள்

அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் கடைக்கு வருகிறவர்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "அண்ணாச்சி, ஏப்பம் நிற்க ஒரு மாத்திரை கொடுங்கள்" என்பார்கள். "சோடா குடித்தீர்களா?" என்று கேட்பேன். குடித்திருப்பார்கள். சிலர் எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு இரண்டு பாட்டில் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். ஏப்பத்தை நிறுத்த ஏப்பத்தையே விலைக்கு வாங்கும் பழக்கம் நம் ஊரில் வேரோடிவிட்டது.

சோடாவில் அழுத்தத்தில் அடைத்திருப்பது கரியமில வாயு. 200 மில்லி சோடாவில் கரைந்திருக்கும் வாயுவை வெளியே விட்டால், அந்தத் தண்ணீரைப் போல் இரண்டு மூன்று மடங்கு இடம் பிடிக்கும். அது வயிற்றுக்குள் போய்த் திரும்பி வரும்போது, "அப்பாடா, வாயு கலைந்தது" என்று நினைக்கிறோம். கலைந்தது நாம் காசு கொடுத்துக் குடித்த வாயு. தண்ணீரில் போட்டால் பொங்கும் பாக்கெட் தூளும் இதே கதைதான்: ஒரு கிராம் சோடா உப்பு அமிலத்தோடு சேர்ந்தால் ஏறத்தாழ 280 மில்லி கரியமில வாயு கிளம்பும். புளிப்பைத் தணிக்க அது உதவும், ஏப்பத்தைக் குறைக்காது. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம் இருப்பவர்கள் அதிலுள்ள சோடியத்துக்காகவே அதைத் தள்ளிவைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கூடவே ஏப்பம் என்றால் அது வாயுப்பிடிப்பு இல்லாமல் மாரடைப்பாக இருக்கலாம். மாரடைப்பின்போது குமட்டலும் ஏப்பமும் வருவது உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வலி பெரிதாகத் தெரியாமலே அது வந்துவிடும். பெட்டிக்கடைக்கு ஆள் அனுப்பிச் சோடா வாங்கிவரச் சொல்லி, ஏப்பம் வரட்டும் என்று காத்திருக்கும் அரை மணி நேரத்துக்கு விலை அதிகம். 108-ஐ அழையுங்கள். முதலில் ஈசிஜி, பிறகு மற்றதெல்லாம்.

அந்த அச்சம் இல்லை என்றால் ஏப்பத்துக்கு வருவோம். மேலே வரும் காற்றில் பெரும்பங்கு நாம் வாயால் விழுங்கியது. இரைப்பையின் மேல்பகுதியில் அது சேர்ந்து விரிவடைந்ததும், உணவுக்குழாயின் கீழ்முனையில் இருக்கும் வளையத் தசை சற்று நேரம் தளர்ந்து காற்றை வெளியே விடுகிறது. ஒரு நாளில் முப்பது ஏப்பம் வரை இயல்பு என்கிறார்கள் மருத்துவர்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மாதக்கணக்கில், பேச்சுக்கும் வேலைக்கும் இடைஞ்சலாக வந்தால்தான் அது கவனிக்க வேண்டிய கோளாறு.

மொச்சை, தட்டைப்பயறு, வாழைக்காய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வீட்டில் தடைசெய்து வைத்திருப்பவர்களிடம் சொல்வது: பயறுகள் உண்டாக்கும் வாயு பெருங்குடலில் உருவாகிறது. அது போகும் வழி வேறு. ஏப்பத்துக்காக மொச்சைக் குழம்பைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

காற்றை எங்கே விழுங்குகிறோம் என்று பார்ப்போம். நம் ஊரில் முதல் சந்தேகம் அண்ணாந்து குடிப்பதன்மேல்தான். செம்பைத் தூக்கி உதடு படாமல் மடமடவென்று ஊற்றும்போது தண்ணீரோடு காற்றும் இறங்குகிறது. பிறர் வீட்டில் அண்ணாந்து குடியுங்கள், அது மரியாதை. உங்கள் வீட்டில் உங்களுக்கென்று ஒரு டம்ளர் வைத்து, உட்கார்ந்து, வாய் வைத்து, சிறுசிறு மிடறாகக் குடித்துப் பாருங்கள். அடுத்தது காப்பியைக் கொதிக்கக் கொதிக்க உறிஞ்சுவது. பீடி, சிகரெட் இழுப்பவர்கள் புகையோடு காற்றையும் விழுங்குகிறார்கள். வெற்றிலை, புகையிலை, சூயிங்கம் எதை மென்றாலும் எச்சில் ஊறும், ஊறிய எச்சிலோடு காற்றும் உள்ளே போகும். பொருந்தாத பல்செட், மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடுவது, பஸ்ஸைப் பிடிக்க ஐந்து நிமிடத்தில் இட்லியை உள்ளே தள்ளுவது, எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

முகூர்த்தத்துக்கு மறுநாள் கூட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி. கெட்டித் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்த குழம்பை யாராவது ஒரு கரண்டியோடு நிறுத்துவார்களா? கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் அதிக நேரம் தங்கும், மேலே சொன்ன வளையத் தசையையும் தளர்த்தும். சொதிக்குத் துணையாக இஞ்சிப் பச்சடி வைத்த நம் ஆச்சிமார் விவரமானவர்கள். இஞ்சி இரைப்பை காலியாவதைச் சற்று விரைவுபடுத்தும். இப்போது இலையில் இஞ்சிப் பச்சடியை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, அப்பளத்தோடும் உருளைக்கிழங்கு சிப்ஸோடும் மூன்றாம் முறை சொதி கேட்கிறோம். அதன்மேல் அல்வா வேறு.

விருந்தும் இல்லாமல் நாள் முழுக்க, சில சமயம் நிமிடத்துக்கு நாலைந்து முறைகூட ஏப்பம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். தூங்கும்போது ஏப்பம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது, சீரியலில் மூழ்கியிருக்கும்போது இல்லை. ஏப்பத்தைப் பற்றிக் கேட்டவுடன் வரிசையாக வரும். இது வயிற்றுக்கே போகாத காற்று. தம்மையறியாமல் உணவுக்குழாய்க்குள் உறிஞ்சி, உடனே வெளியே தள்ளுகிறார்கள். நடிப்பு என்று வீட்டில் ஏசாதீர்கள். மனக்கவலையில் தொடங்கிப் பழக்கமாக ஊறிப்போனது இது. கேஸ் மாத்திரை எத்தனை அட்டை விழுங்கினாலும் போகாது; மூச்சுப் பயிற்சியால் குறையும்.

செய்முறை இது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். வாயை லேசாகத் திறந்து, நாக்கின் நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வையுங்கள். மெதுவாக மூச்சை இழுக்கும்போது வயிற்றில் இருக்கும் கை எழ வேண்டும், நெஞ்சில் இருக்கும் கை அசையக் கூடாது. இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம், ஒரு நாளில் சில வேளை. பழகியதும் உட்கார்ந்தபடியே, சாப்பிட்ட பின்பும், ஏப்பம் வரப்போகிறது என்று தோன்றும்போதும் செய்யலாம். வாய் திறந்து வயிறு அசைய மூச்சு விடும்போது காற்றை உறிஞ்சுவது கடினம், சூட்சுமம் அவ்வளவுதான். பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

புளிச்ச ஏப்பம், நெஞ்செரிச்சல், படுத்தால் தொண்டைவரை கசப்பு என்றால் அமிலம் மேலே ஏறுகிறது. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கமிருந்து வரும் பீடி சுற்றும் பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். காலையில் வெறும் கடுங்காப்பி, மதியம் அவசரச் சாப்பாடு, கை கழுவியதும் மடியில் சுளகை வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் நிறைந்த வயிறு நசுங்குகிறது. அவர்களுக்கு நான் சொல்வது, சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு உட்காருங்கள், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள் என்பதே. கூலி கட்டுக்கணக்கில் என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. இரவில் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குலத்துக்குக் கட்டை வைப்பதும் எல்லோருக்கும் பொருந்தும். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும்.

மருந்து? ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் அமிலத்தைக் குறைக்கும், விழுங்கும் காற்றை ஒன்றும் செய்யாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியதைச் சாப்பிட்ட பின்பு போடுகிறவர்கள்தான் அதிகம். ஆண்டுக்கணக்கில் தாமாகவே வாங்கிப் போடுவதும் சரியில்லை. சிமெத்திகோன் என்ற கேஸ் மருந்து வயிற்றிலுள்ள வாயு நுரையை உடைக்கும், சிலருக்குச் சுகமாக இருக்கும். ஓம வாட்டர், சுக்கு வெந்நீர் இரண்டையும் நான் தடுப்பதில்லை.

விழுங்குவதில் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், இரத்த வாந்தி, கறுப்பாக மலம், சோகை, அறுபதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கிய அஜீரணம் என்றால் என் கடைக்கு வராதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ வேறு மருத்துவரிடமோ போங்கள், எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) தேவைப்படலாம். அழுகிய முட்டை வாடையோடு ஏப்பமும் வயிற்றுப்போக்கும் இருந்தால் ஜியார்டியா போன்ற கிருமித்தொற்றா என்று பார்ப்பார்கள். நாள்பட்ட சர்க்கரை நோயாளிக்குக் காலையில் சாப்பிட்டது மாலையிலும் எதுக்களித்தால் இரைப்பையின் அசைவே மந்தமாகியிருக்கலாம். எடை குறைப்புக்கும் சர்க்கரைக்கும் இப்போது போடும் செமாகுளூடைட் ஊசியும் ஏப்பத்தைக் கூட்டும்.

டாக்டரிடம் போகும்போது, தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். "வெள்ளையாக, வட்டமாக இருக்கும்" என்று சொன்னால் டாக்டரால் கண்டுபிடிக்க முடியாது. அந்த அடையாளத்தோடு என் கடையிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.