குழந்தைகளுக்கான கேமரா: முதலில் உடையப்போவது எது என்று பார்த்து வாங்குங்கள்

என் மகளுக்கு ஆறு வயதானபோது வாங்கித் தந்த முதல் கேமரா மூன்றே வாரத்தில் பழுதானது. பலமுறை கீழே விழுந்திருந்தும் லென்ஸில் கீறலோ திரையில் விரிசலோ இல்லை. பேட்டரி அறையின் மூடியைப் பிடித்திருந்த, நகத்துணுக்கு அளவே உள்ள பிளாஸ்டிக் கொக்கி மட்டும் முறிந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கேமரா ஓராண்டுக் காலம் ஒரு ரப்பர் பேண்டின் தயவில் ஓடியது. அன்றிலிருந்து யார் யோசனை கேட்டாலும், எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பதற்கு முன் இதில் முதலில் உடையப்போவது எது என்று பாருங்கள் என்றே சொல்லி வருகிறேன்.

ஆகவே, கேமரா கைக்கு வந்ததும் அதன் மூடிகள் எல்லாவற்றையும் நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். சார்ஜ் செய்யும் துளையை மறைக்கும் ரப்பர் மூடி மெல்லிய வால் ஒன்றில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், அதைக் குழந்தை ஒரு மாதத்துக்குள் பிய்த்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் துளை டைப்-சி வகையாக இருப்பது நல்லது; பழைய மைக்ரோ யூஎஸ்பி முனையைத் தலைகீழாக வைத்து அழுத்தித் திணிப்பதே குழந்தைகளின் வழக்கம் என்பதால், பல கேமராக்களின் ஆயுள் அந்தத் துளையிலேயே முடிந்துவிடுகிறது.

அடுத்தது லென்ஸ். இயக்கியதும் குழாய்போல வெளியே நீளும் லென்ஸ் குழந்தைகளிடம் நெடுநாள் தாங்காது. நீண்டிருக்கும் நிலையில் ஒருமுறை தரையில் மோதினாலோ, இடுக்கில் நாலு மணல் துகள் புகுந்தாலோ, உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும். பழுது பார்க்கும் கூலி பெரும்பாலும் கேமராவின் விலையையே எட்டிவிடும். லென்ஸ் உடலுக்குள்ளேயே இருந்து, ஜூமும் உள்ளேயே நகரும் வகையைத் தேடுங்கள், இல்லையேல் ஜூமே இல்லாததை எடுங்கள். இரண்டடி முன்னால் நடந்து போகக் குழந்தைக்குச் சோம்பல் கிடையாது. 1900இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் சிறுவர்களையும் மனத்தில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்த பிரவுனி கேமரா, எளிய லென்ஸ் ஒன்று பொருத்திய அட்டைப் பெட்டிதான்.

தண்ணீரும் அதிர்ச்சியும் தாங்கும் என்று எழுதியிருப்பதை நம்பலாம், ஆனால் எந்த நிலையில் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2019இல் வெளிவந்த நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ150 கேமரா 10 மீட்டர் ஆழ நீரையும் 1.8 மீட்டர் உயர வீழ்ச்சியையும் தாங்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2023இல் வந்த ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7 கேமராவுக்கு அந்த அளவுகள் 15 மீட்டர், 2.1 மீட்டர். நிக்கான் குறிப்பிடும் வீழ்ச்சிச் சோதனை 5 செ.மீ. தடிமனுள்ள ஒட்டுப்பலகையின் மீது நடத்தப்படுவது. சிமென்ட் தரை அவ்வளவு கருணை காட்டாது. ஐபி68 போன்ற குறியீட்டில் முதல் எண் தூசியையும் இரண்டாவது எண் நீரையும் குறிக்கும். அந்த நீர்ச் சோதனையில் சோப்பு நீருக்கோ வெந்நீருக்கோ இடமில்லை என்பதால், குளிக்கும் தொட்டிக்குள் கேமராவை அனுமதிக்காதீர்கள். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி படிந்திருந்தாலே நீர் கசியும். கடலில் நனைந்த கேமராவை மூடியைத் திறப்பதற்கு முன்பே நல்ல நீரில் அலசித் துடைக்க வேண்டும். நீர் புகாத கேமரா எல்லாம் நீரில் மிதக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவை நேராக அடியில் போய்விடும்.

இனி மெகாபிக்சலுக்கு வருவோம். ஒரு மெகாபிக்சல் என்பது படத்தில் பத்து லட்சம் புள்ளிகள். விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் மலிவான கேமராக்களின் பெட்டியில் 20, 40 என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் அதில் மிகச் சிறு பங்கே உள்ளதாக இருக்கலாம். மீதியை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் தெளிவாக அச்சிட 1200க்கு 1800, அதாவது சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். மெய்யான 5 மெகாபிக்சல் கேமரா, ஊதிப் பெருக்கிய 40 மெகாபிக்சலை எளிதாக வென்றுவிடும். மாதிரிப் படம் ஒன்றைக் கணினியில் முழு அளவில் திறந்து பாருங்கள். இலைகளின் விளிம்புகள் தண்ணீர் பட்ட ஓவியம்போலக் கரைந்து தெரிந்தால், பெட்டியில் உள்ள எண் வெறும் எண்தான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. எளிய கேமராக்களில் பல, ஒரே தூரத்துக்கு ஃபோகஸ் நிலைநிறுத்தப்பட்டவை. மிக அருகில் உள்ளதை அவை மங்கலாகவே எடுக்கும். குழந்தைகளோ எதையும் மூக்கு முட்டும் தூரத்தில்தான் பார்ப்பார்கள். என் மகள் சுவரோரம் குப்புறப் படுத்து எறும்பு வரிசையை 37 படங்கள் எடுத்தாள். ஒன்றில்கூட எறும்பு இல்லை, சாம்பல் நிறப் புகைதான் இருந்தது. வாங்குமுன் உங்கள் உள்ளங்கையை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் படமெடுத்து, கைரேகை தெரிகிறதா என்று பாருங்கள். அப்படியே, குழந்தையைக் குதிக்கச் சொல்லி, கால்கள் தரையை விட்டெழும்போது பட்டனை அழுத்திப் பாருங்கள். கால்கள் தரைக்கு வந்த பிறகே படம் பதிவாகிறது என்றால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

நான்கைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்ப்பது கடினம். அவர்களுக்கு இரு கண்களாலும் பார்க்கக்கூடிய துளைகள் உள்ள கேமராவோ பெரிய திரை உள்ளதோ பொருந்தும். பட்டன் பேட்டரியில் இயங்கும் எதையும் இந்த வயதில் தவிர்ப்பதே நல்லது, ஏனெனில் விழுங்கிவிட்டால் அது இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடக்கூடும். எந்த வகைப் பேட்டரியானாலும் அதன் அறை திருகாணியால் மூடப்பட்டிருக்க வேண்டும். 15க்கு 11 மில்லிமீட்டரே உள்ள மைக்ரோ எஸ்டி கார்டைப் பெரியவர்களே கழற்றி மாட்டட்டும். கழுத்து வார் பிடித்திழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகையாக இல்லாவிட்டால், அதை நீக்கிவிட்டு மணிக்கட்டு வாரைப் பயன்படுத்துங்கள்.

ஏழெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு என் முதல் தேர்வு புதிய கேமராவே அல்ல. அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும் பெரியவர்களின் பழைய சிறிய கேமரா. படத்தின் தரத்தில் விளையாட்டுக் கேமரா எதுவும் அதன் அருகில் வராது. லென்ஸ் நீளும் வகையாக இருந்தாலும், இந்த வயதில் அணைத்த பிறகே பையில் போட வேண்டும் என்று பழக்கிவிடலாம். பென்சில் பேட்டரி எனப்படும் ஏஏ வகையில் இயங்குவதாக இருந்தால், மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நான்கு செல்கள் வாங்கினால் போதும்; தனி வடிவப் பேட்டரி உள்ளதென்றால், அது இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பழைய கேமராக்கள் பல 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளை ஏற்பதில்லை என்பதால், கையேட்டில் உள்ள உச்ச அளவைப் பார்த்துவிட்டுக் கார்டை வாங்குங்கள்.